ஹால் விளக்கின் குமிழ்

எனக்கு மங்கலான வெளிச்சம் பிடிக்கும். ஹால் விளக்குக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழ் மாட்டியதற்கு முதலில் வேறு காரணமே கிடையாது, சகலை. நான் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க குழிக்குள் டார்ச் அடித்து வேலை செய்கிறவன், வீட்டில் கண்ணுக்குக் கொஞ்சம் இதம் தேடுவது குற்றமாகாது. "ஒன்பது வாரம் அம்மாவை வெச்சுப் பார்த்துக்கிட்டவர். நடந்ததை ஒண்ணு விடாம அவருக்கு எழுதி அனுப்புங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எழுதுகிறேன்.

மாமா ஓய்வு பெற்ற கையோடு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியது உங்களுக்குத் தெரியும். இந்த வயதில் ஒரு மனிதருக்கு ஆசை வரக்கூடாதா என்று நானும்தான் பரிந்து பேசினேன். அது முதல் நாள். இரண்டாம் நாள் வாசிக்க ஆரம்பித்தார். ஒரே பாட்டு, அதிலும் நான்கே வரி. நான்காவது வரியில் விரல் சிக்கிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து வருவார். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து, வழக்கம்போல் விளக்கைப் பாதியாகக் குறைத்தேன். கிட்டார் ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும் மாமாவின் ஆம்ப் பெட்டிக்குள் வண்டு புகுந்தமாதிரி 'ங்ங்ங்' என்று இரைச்சல் கிளம்பியது. குமிழை முழு வெளிச்சத்துக்குத் திருப்பினேன், நின்றது. பாதி வெளிச்சத்தில் டிம்மர் கரண்டை நறுக்கி நறுக்கி அனுப்பும். கிட்டார் கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள் அந்த ஓசையைப் பிடித்துக்கொள்ளும். தொழில் தெரிந்தவனுக்கு இது அரை நிமிட விஷயம். குமிழை மறுபடி பாதிக்குக் கொண்டுவந்தேன்.

"மாப்பிள்ளை, கரண்ட் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும். என்னன்னு பாருங்களேன்" என்றார் மாமா.

பார்த்தேன். பொறுமையாகப் பார்த்தேன். ஒயரை மாற்றினேன். ஆம்பைச் சமையலறை பிளக்கில் சொருகினேன். ஃப்ரிட்ஜை இரண்டு நாள் அணைத்து வைத்தேன், பால் திரிந்தது. மீன் தொட்டி மோட்டாரை நிறுத்தினேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து என்னையே பார்த்தன. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் இரைச்சல் குறையும் என்று சொல்லிக் கொடுத்தேன், அது உண்மை. மாமா ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து நின்று வாசித்தார். குறைந்தது, போகவில்லை.

பதினோராம் நாள் மாமாவே கேட்டார்: "உங்க அத்தை ஹாலுக்கு வர்றப்போதான் கூடுதோ?"

நான் யாரையும் கைகாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அத்தை காதில் மெஷின் வைத்திருப்பவர், சந்தேகம் வருவது இயல்பு. மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது. "சில பேர் உடம்புல இயற்கையாவே கரண்ட் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும், மாமா" என்றேன். அப்படி எதுவும் கிடையாது. பிறகு அத்தையைச் சமையலறைக்கும் ஹாலுக்கும் ஏழு முறை நடக்கவிட்டோம். நான் சுவிட்ச் பலகையில் சாய்ந்து நின்றேன்; எல்லோர் கண்ணும் அத்தை மேல். அத்தை வந்தால் 'ங்ங்ங்', போனால் அமைதி. ஏழு முறையும் பிசகவில்லை.

ஜன்னலோரத்து என் நாற்காலியில் அத்தை உட்காருவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வருகிறவர்களிடம் "மேலயும் கீழயும் போறதுதான் எங்க மாப்பிள்ளைக்கு வேலை" என்று சொல்வாரே, அதற்கும் இல்லை.

அத்தை தானாகவேதான் பெட்டியைக் கட்டினார். "அவருக்கு இப்பத்தான் ஒரு ஆசை வந்திருக்கு. என்னால கெட வேண்டாம். நான் சின்னவ வீட்டுல இருந்துக்கிறேன்" என்றார். உங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

இங்கேதான் என் கணக்கு பிசகியது. அத்தை போனதும் இரைச்சல் நின்றாக வேண்டும். நின்றால் கிட்டார் சுத்தமாகப் பேசும். பதினைந்தாம் நாளும் போனது, கிட்டார் தங்கிவிட்டது. குமிழை மறுபடி பாதிக்குத் திருப்பினால் இரைச்சல் வந்து, அத்தை நிரபராதி என்று தெரிந்துவிடும். ஒரு மாலை முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். நாற்காலி சௌகரியமாக இருந்தது. திருப்பவில்லை.

தினமும் மாமா அத்தைக்குப் போன் போட்டு அந்த நான்கு வரியை வாசித்துக் காட்டுவார். அத்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் பார்க்கவில்லை. ஒன்பதாவது வாரம் கிட்டாரை மூலையில் சாய்த்துவிட்டு, "அந்த இரைச்சலே தேவலாம், மாப்பிள்ளை. அவ இருந்தா" என்றார். அதை அத்தையிடமும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குளித்துவிட்டு வந்தால், என் நாற்காலியில் அத்தை. மாமா வாசித்துக்கொண்டிருந்தார். ஆம்ப் கப்சிப். யாரும் அதைக் கவனிக்கவில்லை; பேசாமல் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் என் கை போய் விளக்கைப் போட்டது, குமிழைப் பாதிக்குத் திருப்பியது. 'ங்ங்ங்.'

மனைவி அத்தையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"வெளிச்சம் கண்ணைக் கூசுச்சு" என்றேன்.

"மத்தியானம் மூணு மணிக்கு, எரியாத லைட்டு கூசுச்சா?"

ஆம், சகலை, நான்தான் செய்தேன். வீட்டின் நிம்மதிக்காகச் செய்தேன். குமிழை முழு வெளிச்சத்தில் வைத்து, என் குறடாலேயே பிடுங்கி எறிந்துவிட்டாள் என் மனைவி. அன்று சாயங்காலம் அத்தை காது மெஷினைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா முதல்முறையாக நான்காவது வரியைத் தாண்டினார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கும் கண்ணில் நீர் வந்தது. விளக்கை இனிமேல் குறைக்க முடியாது இல்லையா, அதனால்தான்.