பொட்டியோட எடை

அட, உக்காருங்க தம்பி, நான் சண்டையெல்லாம் போடல. சத்தமே அப்பிடித்தான். வெங்காய மண்டியில எடை போடுற ஆளு, கூவிக் கூவியே தொண்டை இப்பிடி ஆயிப்போச்சு. கவுண்டருல நிக்கிற தம்பிகிட்ட மெதுவாத்தான் பேசுனேன், அது உங்க பெஞ்சு வரைக்கும் கேட்டுருக்கு. செத்த காலை ஒதுக்கிக்கங்க, பொட்டிய இப்பிடித் தள்ளிக்கிறேன்.

ஊரு திண்டுக்கல்லு. மண்டிதான் டவுன்ல, வீடு தாடிக்கொம்பு. நாச்சிமுத்துன்னு பேரு. கொழும்புக்குப் போறேன், மகளப் பாக்க. நீங்களும் அங்கதானா? ஓ, உங்க அண்ணன் வாராரா. அவரு வர்ற பிளேனுதான் எங்கள ஏத்திக்கிட்டுத் திரும்பிப் போகுமாம். அப்ப நேரம் கெடக்கு. இந்தத் திருச்சி ஏரோடிராமுல காத்தாடி கூட நம்ம கேட்டாத்தான் போடுறாக.

என்ன தகராறா? ஆளுக்கு நாப்பத்திநாலு பவுண்டுதான் சாமானாம். நம்ம கணக்குக்குப் பதினாலு வீசைன்னு வைங்க. கிலோன்னு வேற ஒண்ணு வரப்போகுதாம், அது வந்து யார என்ன பாடு படுத்தப் போகுதோ. எடை கூடுனா காசு கட்டிரலாம்னு பாத்தா, இன்னைக்குக் கூட்டமாம், காசு குடுத்தாலும் ஏத்த முடியாதாம். பன்னெண்டு பவுண்டு எறக்கிட்டு வாங்க, இல்லாட்டி பொட்டி ஏறாதுன்னுட்டான். நம்ம கணக்குக்கு நாலு வீசை.

எனக்கு ஏறுச்சு பாருங்க கோவம். எடை போட்டே வயித்தக் கழுவுறவன் நான். நேத்து மண்டியில, நானே என் கையால, பொட்டியத் தராசுல ஏத்தி நிறுத்தேன். நாலு பேரு சுத்தி நின்னு பாத்தானுக. பதினாலு வீசை, நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. உங்க தராசு கோளாறுன்னுட்டேன். அந்தத் தம்பி எடைக்கல்லக் கொண்டாந்து வச்சுக் காட்டுனான். தராசு சரியாத்தான் இருக்கு.

பெறகு இங்க வந்து உக்காந்து ரோசன பண்றேன், எனக்கே சிரிப்பு வந்துருச்சு. வேற ஒண்ணுமில்ல. மண்டிக்கு மூட்டை வந்தா சாக்கோடதான் தராசுல ஏறும். சாக்குக்கு இம்புட்டு, ஒட்டுன மண்ணுக்கு இம்புட்டுன்னு கழிச்சுட்டுத்தான் எடையக் கூவுவோம். அதே வாக்குல எம் பொட்டிக்கும் நாலு வீசையக் கழிச்சுட்டுப் பதினாலுன்னு கூவிருக்கேன். சுத்தி நின்னவன் ஒருத்தனாவது சொல்லணுமே! அவனுகளும் மண்டிக்காரனுகதான, சரியாப் போச்சுண்ணேன்னு தலைய ஆட்டுறானுக. பொட்டிக்கும் எடை பிடிப்பாகன்னு எங்க யாருக்குத் தெரியும்?

சிரிங்க சிரிங்க. குடை கதையக் கேட்டா இன்னும் சிரிப்பீங்க. குடை, மேல போடுற கோட்டு, படிக்கிற பொஸ்தகம், இதெல்லாம் எடை போடாமக் கையிலயே கொண்டு போகலாமாம். டிக்கெட்டு எடுத்த எடத்துல சொன்னத வீட்டுல வந்து சொல்லிட்டேன். எஞ் சம்சாரம் சுந்தரம்மா பிடிச்சுக்கிட்டா. கோட்டுக்கு நாம எங்க போறது, குடை இருக்குல்லன்னு, மடக்குன குடைக்குள்ள சுண்டவத்தலையும் மொளகா வத்தலையும் ரொப்பி, வாயக் கயித்தால கட்டிக் கையில குடுத்துட்டா. அந்தத் தம்பி என்னடா குடை கர்ப்பமா இருக்கேன்னு லேசா ஒரு தட்டு தட்டுனான். கயிறு அந்து போச்சு. கவுண்டரு பூரா வத்தலு. பின்னால நின்ன தொரைசானியம்மா ஒண்ணு தும்ம ஆரம்பிச்சது, இன்னும் அந்தா தும்மிக்கிட்டிருக்கு பாருங்க. அந்தத் தம்பியே குனிஞ்சு பொறுக்கி மஞ்சப்பையில போட்டுக் குடுத்தான். நல்ல புள்ள. நான் கத்துனது தப்புத்தான்.

பொட்டிக்குள்ளயா? தெருவே இருக்கு. முறுக்கு, கம்பு மாவு, சிறுமலைப் பழம் ரெண்டு சீப்பு, பக்கத்து வீட்டுப் பேச்சாயி குடுத்த புளி, எதுத்த வீட்டுல குடுத்த நல்லெண்ண, பேரு தெரியாதவுக குடுத்த எள்ளுருண்டை. கொழும்புல புளி இல்லாமயா எம் மக கொழம்பு வைக்கிது? ஆனா வேணாம்னு சொல்ல முடியலயே. சொன்னா ஏன்னு ஒரு கேள்வி வரும்.

கப்பலா? போன தடவ அப்பிடித்தான் போனேன். தனுஸ்கோடியில ஏறுனா மாடு கன்னு தவர எல்லாத்தையும் கொண்டு போகலாம். இந்தத் தடவ பிளேன்ல போவமேன்னு தோணுச்சு. ஆசைன்னு வச்சுக்கங்களேன். தெருவுலயும் அதான் பேச்சு, நாச்சிமுத்துக்கு வந்த வாழ்வப் பாத்தியான்னு. பேசட்டும், நல்லதுதான்.

நீங்களும் அதேதான் சொல்றீங்க. பொட்டிய இங்க போட்டுட்டு, சாமான வேட்டியில மூட்டையாக் கட்டுனா நாலு வீசையும் தீந்துச்சு. கவுண்டருத் தம்பியும் அததான் சொன்னான். கணக்கு சரிதான். ஆனா பொட்டி வரணும் தம்பி. பழைய தகரந்தான், துருவேறிப் போச்சுதான், நான் இல்லங்கல. சாமானத்தான் எறக்கப் போறேன். இந்தாங்க, பழத்த வாங்கிக்கங்க, உங்க அண்ணன் வந்ததும் குடுங்க. புளியவும் பிடிங்க. கூச்சப்படாதீங்க, உங்க வீட்டுல கொழம்பு வைக்க மாட்டாகளா? இந்த எண்ணெத் தூக்குதான் நல்ல கனம், இதையும் வச்சுக்கங்க.

ஆமா, பெத்தவளும் தெருவும் மகளுக்குன்னு குடுத்ததுதான். நீங்க கேக்குறது நாயம். அந்த முறுக்கு மட்டும் இருக்கட்டும், புள்ள ஒரு வாயி திங்கட்டும். மிச்சத்தையெல்லாம் பாய் வீட்டுலதான் குடுக்கப் போறேன். சாகுல் ஹமீது பாய், நம்ம ஊரு ஆளு, கொழும்புல பொகையெலக் கடை. எம் மக ராமுத்தாயி இப்ப அவுக வீட்டுலதான் இருக்கு. அவுகதான் சோறு போடுறாக.

மாப்ள வீடா. அங்க வேற ஒருத்தி வந்துட்டா தம்பி. எம் புள்ளைய, கட்டுன சேலையோட வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டான். பாய்தான் மண்டிக்கு டிரங்கால் போட்டாரு. விசயத்தச் சொல்லிட்டு, போன அதுகிட்டக் குடுத்தாரு. அப்பா, வாங்கன்னுச்சு. அம்புட்டுத்தான். கப்பலுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்க யாரால முடியும்? அதான் பிளேனு.

யாருக்கும் தெரியாது. சுந்தரம்மாவுக்கே தெரியாது. அவ பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு முறுக்குச் சுட்டா. நான் எதுக்க உக்காந்து சரியா வெந்துருக்கான்னு தின்னு பாத்துச் சொல்றேன். வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்து, கதவச் சாத்திட்டு, அவகிட்ட மெதுவாச் சொல்லிக்கிறலாம். தெருவுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

வரும்போது கப்பல்தான், ரெண்டு பேருக்கும் பிளேனுக்கு நான் எங்க போறது. அதுக்குத்தான் தம்பி இந்தப் பொட்டி. திண்டுக்கல்லு டேசன்ல எம் புள்ள வெறுங்கைய வீசிக்கிட்டு எறங்குனா, தொரத்தி விட்டுட்டாகன்னு ஒரு நொடியில தெரிஞ்சு போகும். துணி மூட்டையோட எறங்குனா ஓடி வந்துட்டான்னு சொல்லுவாக. பொட்டியோட எறங்குனா, ஆத்தா வீட்டுல நாலு நாள் இருந்துட்டுப் போக வந்த புள்ள. வேற பொட்டி ஆகாது. தெரு பூராவும் நின்னு அனுப்பி வச்ச பொட்டி இது, நெறைய போனது நெறைய வரணும்.

இந்தா, கூப்புடுறான். அந்தக் கைப்பிடிய ஒரு கை பிடிங்க தம்பி, தராசு வரைக்கும். கொழும்புல ரெண்டு சேல எடுத்து உள்ள வைப்பேன். சேல என்னத்தக் கனக்கப் போகுது. மிச்சத்துக்கு, தனுஸ்கோடியில எறங்குனதும் நாலு கல்லத் தேடிப் போட்டுக்கிருவேன். டேசன்ல குதிரை வண்டி சடையாண்டியோடது, எங்க தெருக்காரன். அவந்தான் தூக்கி வண்டியில வைப்பான். அவன் தூக்கும்போது கனக்கணும்ல.