தண்ணீரைத் தட்டிய குதிரை

மட்டாஞ்சேரிப் படகு வரிசையில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நினைத்துவிட்டார்கள் போல. எனக்கு முன்னால் நின்ற இருவரும் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றுகிறவர்கள். ஒருவன் நீலச் சட்டை, மற்றவன் தொப்பி.

"குதிரை மிரளவே இல்ல மச்சான். காயல்ல நின்னு முன்னங்காலால தண்ணியத் தட்டுச்சு, அவ்ளோதான்" என்றான் நீலச் சட்டை.

"தட்டினா படுத்துப் புரளப் போகுதுன்னு உனக்குத் தெரியாதா? உடனே கரைக்கு இழுக்க வேணாமா?"

"தெரியும். தண்ணி தெறிக்கிறதப் பாத்து மேல உக்காந்திருந்த அந்தச் சின்னப் பொண்ணு கைதட்டிச் சிரிச்சுது. அவ அப்பா, 'சேட்டா, ஒரு போட்டோ'ன்னு போனை நீட்டினாரு. கயித்த விட்டுட்டு வாங்கினேன்."

"முழங்கால் தண்ணிதானே. அவ குதிச்சிருக்கலாமே?"

நீலச் சட்டை படகு வரும் திசையைப் பார்த்தான்.

"அவ காலைக் கட்டியிருந்தியா?"

"சின்னப் புள்ளைங்க விழுந்துடக் கூடாதுன்னு, துண்டால சேணத்தோட சேத்துக் கட்டுறதுதானே? எப்பவும் செய்யுறதுதான். குதிரை அவ மேலயே புரண்டுச்சு. நனைஞ்ச முடிச்சு அவிழல. அறுத்துத் தூக்கறதுக்குள்ள போயிட்டா."

படகு வந்து முட்டியது. வரிசை நகர்ந்தது.

"ஸ்டேஷன்ல குதிரை மிரண்டுச்சுன்னு மட்டும் சொல்லு. கட்டினதப் பத்தி வாயத் தொறக்காத. அவ அப்பனுக்குத் தெரிஞ்சா உன்னை உசுரோட விடமாட்டான்."

"அவருக்குத் தெரியும் மச்சான். இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கன்னு சொன்னதே அவருதான்."