மூணாவது மெஷின்

உங்க ஸ்டேஷன் காப்பி நல்லாத்தான் இருக்குங்க ஐயா. என்ன, மண்டி அடியில தங்குற வரைக்கும் பொறுக்கணும். எனக்குப் பொறுமை உண்டு. இந்த விர்யோ கோபக்காரன்னு ரெத்னோ உங்ககிட்ட சொல்லியிருப்பா, நம்பாதீங்க.

வெள்ளத்துல மாட்டினவங்க போன்ல அனுப்புற செய்தியை வாங்கி, மீட்புப் படகுக்காரங்களுக்குத் தள்ளிவிடுற ரெண்டு சர்வரையும் நான்தான் பார்த்துக்கிட்டேன். மலையில ஒண்ணு, செமாராங் கடலோரத்துல ஒண்ணு. முன்னாடி ரெண்டுக்கும் பொதுவா ஒரே டேட்டாபேஸ் இருந்துச்சு. அது படுத்தா ரெண்டும் படுத்துடும். அந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சவன் நான். அவங்கவங்க செய்தியை அவங்கவங்களே வெச்சுக்கட்டும். மலை சர்வர் வேலை பார்க்கும், கடலோர சர்வர் அப்பப்ப நகல் எடுத்துக்கும். மலை செத்தா கடலோரம் எழுந்து உட்காரும். இது என் மண்டையில உதிச்சது, வேற எவனோடதும் இல்ல.

மீட்டிங்ல சோயா டெம்பே வறுவல் தட்டு சுத்தி வந்துக்கிட்டு இருந்துச்சு. என்கூட வேலை பார்த்த, அண்ணன் முறையில என்னை ‘மாஸ்’னு கூப்பிடுற ரெத்னோ வாயைத் திறந்தா. “மாஸ், நடுவுல லைன் அறுந்தா என்ன ஆகும்? மத்தவன் செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டு ரெண்டும் நான்தான் பெரியவன்னு உட்காரும். உங்களை மாதிரியே.”

எல்லாரும் சிரிச்சாங்க. தலைவர் சுகெங்கும் சிரிச்சார், வாய் நிறைய டெம்பேயோட. அந்த வாய் இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

அவ யோசனை, மூணாவதா ஒரு சின்ன மெஷின். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு காணாமப் போனா, யார் வேலை பார்க்கணும், யார் வாயைப் பொத்தணும்னு அது சொல்லும். வெச்சிடுன்னார் சுகெங். சரிங்கன்னேன். பெரியவங்க முகத்துக்கு நேரா மாட்டேன்னு நம்மள்ல யாருங்க சொல்றோம்? தலையை ஆட்டுவோம், அப்புறம் நம்ம இஷ்டப்படி செய்வோம். மெஷினை வெச்சேன், பச்சை விளக்கும் எரிஞ்சுது. ஆனா ரெண்டு சர்வர்லயும், அதை எதுவும் கேக்காதேன்னு மாத்திவிட்டேன். சுகெங் தினமும் வந்து விளக்கைப் பார்த்துட்டுச் சந்தோஷமாப் போவார்.

மழையில மண் சரிஞ்சு லைன் அறுந்துச்சு. அவ சொன்ன மாதிரியேதான் ஆச்சு. மூணாவதைக் கேட்டிருந்தா கடலோரம் சும்மா இருந்திருக்கும், செய்தியெல்லாம் வேற வழியா சுத்திக்கிட்டு மலைக்கு வந்திருக்கும். இப்ப ரெண்டும் முழிச்சுக்கிச்சு. படகுக்காரங்க மலை சர்வரைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கடலோரத்துல தாழ்வா இருக்கிற கீழ்த்தெரு ஜனங்க அனுப்பினது கடலோர சர்வருக்குப் போச்சு. அது பணிவா எல்லாருக்கும் பதில் போட்டுச்சு: ‘செய்தி கிடைத்தது. படகு வருகிறது. இருந்த இடத்திலேயே இருங்கள்.’ அந்த வரியை எழுதினதும் நான்தான். நம்பி உட்கார்ந்துட்டாங்க. அப்ப தண்ணி முழங்கால் அளவுதான், நடந்தே வெளியில வந்திருக்கலாம்.

மத்தியானம் லைன் ஒட்டிக்கிச்சு. இனி ரெண்டுல ஒண்ணு, தன்கிட்ட இருக்கிறதை அழிச்சுட்டு மத்ததை நகல் எடுத்தாகணும். கடலோர ஆபீஸ்லேருந்து ரெத்னோ போன் பண்ணினா. அவ குரலே சரியில்ல.

“மாஸ், இங்க கடலோரத்துல யாரும் பார்க்காத செய்தி நிறையக் கிடக்கு. அதை முதல்ல படகுக்காரங்களுக்குக் கொடுத்துட்டு அப்புறம் அழிங்க. எங்கப்பாவும் கீழ்த்தெருவுல கூரை மேல இருக்கார்.”

சரின்னேன். அவ நம்பி போனை வெச்சா.

யோசிச்சுப் பாருங்கய்யா. எடுத்துக் கொடுத்தா, ரெண்டும் பெரியவனா உட்கார்ந்தது ஊருக்கே தெரியும். மறுபடி மீட்டிங், மறுபடி டெம்பே, மறுபடி அந்தச் சிரிப்பு. அதனால கடலோரத்தை அழிச்சேன். ரெண்டு சர்வரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணாச்சு, ஒரு பிழை இல்ல. கூப்பிட ஆளில்லைன்னு படகுக்காரங்க கரையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கீழ்த்தெருவுல யாரும் மிஞ்சலைன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க.

கோபத்துல செஞ்சேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி, அவ அப்பா அனுப்பினதைத் தேடித் திறந்தேன். ‘தண்ணி ஜன்னலுக்கு வந்துடுச்சு. படகு வருதுன்னு சொன்னீங்க, காத்துக்கிட்டு இருக்கோம். ரொம்ப நன்றி.’ நிதானமா ரெண்டு தடவை படிச்சேன். கோபக்காரனா இருந்தா படிக்காமலே அழிச்சிருப்பேனே ஐயா.