கதவுத் திறப்பு விழா

கை தட்டுறதக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா... ஒரு சின்னக் கதை இருக்கு, அதைச் சொல்லிடுறேன்.

ஒரு ஊரு. பேரு சொல்ல மாட்டேன்... சொன்னா நாளைக்கு நான் அந்தப் பக்கம் பஸ்ஸுல போக முடியாது! அங்க ஊராட்சித் தலைவர் மாசிலாமணி. நல்ல மனுஷன்தான். ஆனா திறப்பு விழான்னா விட மாட்டாரு. தண்ணித் தொட்டியா? வெட்டுவாரு. சலூன் கடையா? வெட்டுவாரு. ரிப்பனைச் சொல்றேன்!

அந்த ஊருப் பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைங்க கழிப்பறைக்குக் கதவு இல்ல. பாவம், என்ன பண்ணும் பிள்ளைங்க? காலையில வந்ததுலேருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்காதுங்க. யோசிச்சுப் பாருங்கம்மா... நாக்கு வறண்டு கிடக்கு, எதிர்ல கணக்குப் பாடம்!

ஏழாவது படிக்கிற பூவிழி, கிராம சபையில எந்திரிச்சா. "ஐயா, எங்களுக்குக் கதவு வேணும்."

தலைவர் சிரிச்சாரு. "பாப்பா, உனக்கு ஓட்டே இல்ல. போய்ப் படி. பெரியவங்க நாங்க பாத்துக்குறோம்."

பாத்தாங்களா? ...பாத்துக்கிட்டே இருந்தாங்க!

பிள்ளைங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? தலைவர் பொறந்தநாளுக்குக் கட்டின பழைய ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பெயிண்ட்டுல எழுதினாங்க: "கழிப்பறைக் கதவுத் திறப்பு விழா. திறந்து வைப்பவர்: மாண்புமிகு தலைவர்." மாண்புமிகு! மந்திரிக்குப் போடுறது. அங்கதான் மனுஷன் விழுந்தாரு.

கதவு போட்டாச்சான்னு ஒருத்தரையாவது கேட்டாரா? கேக்கல. பேரு இருக்கு, ரிப்பன் இருக்கு... வேற என்ன வேணும்? வெள்ளை வேட்டி, மேளம், வந்தாரு. வெட்டினாரு. ரிப்பனோட, கழிப்பறை வாசலை மறைச்சுக் கட்டியிருந்த அந்த ஃப்ளெக்ஸும் கீழ விழுந்துச்சு... பின்னாடி கதவில்லாத வெறும் வாசல்!

"ஏம்மா... கதவு எங்க?"

பூவிழி கையக் கட்டிக்கிட்டு, பணிவா சொன்னா: "அதைத்தான் ஐயா அன்னைக்குச் சபையில நாங்களும் கேட்டோம்."

மேளக்காரரே சிரிச்சுட்டாரு! ஊரே நின்னு பாக்குது, தலைவர் எங்க ஓடுவாரு? அங்கேயே தச்சு ஆசாரிக்குப் போன் போட்டாரு. சாயங்காலமே கதவு வந்துருச்சு, தாழ்ப்பாளோட. மறுநாள் அந்தப் பிள்ளைங்க வயிறு நிறையத் தண்ணி குடிச்சாங்க... அதை நினைச்சா இப்பவும் எனக்கு மனசு நிறையுது.

சின்னப் பசங்களுக்கு அரசியல் எதுக்குன்னு கேக்குறீங்களே... கதவில்லாத கழிப்பறைக்குப் போறது யாரு? நீங்களா, நானா? ஓட்டு உள்ள பெரியவங்க அத்தனை பேரும் அந்தச் சபையில உக்காந்துதான் இருந்தாங்க. ஒருத்தராவது வாயத் திறந்தாங்களா? அடுத்த கிராம சபைக்கு உங்க பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. அது எந்திரிச்சா... சட்டையப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்காதீங்க!