திறந்து கிடந்த தொட்டி

கொசு இன்ஸ்பெக்டர்: விரலை நீட்டுங்க. சுருக்குன்னு ஒரு குத்து, அவ்வளவுதான்.

தையல்காரி: நாள் பூரா ஊசியோட கிடக்கிறவளுக்கே பயம் காட்டுறீங்களே சார்.

இன்ஸ்பெக்டர்: கை இப்படி நடுங்குதே...

தையல்காரி: குளிர். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வெச்ச மாதிரி வருது.

இன்ஸ்பெக்டர்: மலேரியாவான்னு சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லிடுவாங்க. இப்போ ஃபாரம் எழுதணும். வெளியூர் போனீங்களா?

தையல்காரி: இந்த மெஷினை விட்டு எங்க போறேன்?

இன்ஸ்பெக்டர்: வெளியூர்ல இருந்து யாராவது...

தையல்காரி: வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். அதுக்கப்புறம் இந்த மாடிப்படி ஏறுறது நீங்க ஒருத்தர்தான். துணி குடுக்கிறவங்க கூட கீழ நின்னே கூப்பிடுவாங்க.

இன்ஸ்பெக்டர்: கொசுவலைக்குள்ள படுக்கிறீங்களா?

தையல்காரி: வலை இருக்கு. கிழிஞ்சிருக்கு. சிரிக்காதீங்க, ஊரார் துணிக்கே நேரம் பத்தலை.

இன்ஸ்பெக்டர்: சிரிக்கலை. தெருவுல வேற யாருக்கும் காய்ச்சல் இல்லை. உங்க மாடித் தண்ணித் தொட்டியில மட்டும் ரெண்டு மாசமா கொசுப்புழு. மருந்து ஊத்தி, நானே மூடிட்டுப் போறேன். அடுத்த வாரம் திறந்து கிடக்கு. காத்துன்னீங்க, பூனைன்னீங்க. அந்த மூடியை நகர்த்த எனக்கே மூச்சு வாங்குது. எந்தப் பூனைங்க அது?

தையல்காரி: புழு இல்லாத வீட்டுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, இருக்கிற வீட்டுக்கு வாரா வாரம் வருவோம்னு... நீங்கதானே சொன்னீங்க.

இன்ஸ்பெக்டர்: அதுக்காகவா...

தையல்காரி: அதுக்காகத்தான். செவ்வாய்க்கிழமை படியில உங்க செருப்புச் சத்தம் கேட்கணும். காலையில இருந்தே காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஃபாரத்துல அதையும் எழுதிக்கோங்க. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

இன்ஸ்பெக்டர்: இல்லைங்க. உங்க தொட்டி கொசுவைத்தான் குடுக்கும், நோயைக் குடுக்காது. மலேரியா வந்த ஆளைக் கடிச்ச கொசு, ரெண்டு வாரம் கழிச்சு உங்களைக் கடிச்சாதான் உங்களுக்கு வரும்.

தையல்காரி: அப்படி யாரு இங்க வந்தா?

இன்ஸ்பெக்டர்: போன மாசம் ஒருநாள் மழைக்கு ஒதுங்கினேனே...

தையல்காரி: மறப்பேனா? ரெண்டு டம்ளர் டீ. மழை விடவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். விட்டப்புறமும் இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தீங்க. எனக்கு அது போதும் சார்... ஏன், அன்னிக்கு என்ன?

இன்ஸ்பெக்டர்: அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வந்து நாலாவது நாள். மலேரியான்னு ரிப்போர்ட் சட்டைப் பையில இருந்துச்சு. லீவு போட்டா இந்தத் தெருவுக்கு வேற ஆளை அனுப்பிடுவாங்கன்னு, யாருக்கும் சொல்லாம வந்துட்டேங்க.