கடைசி ஒலிபரப்பும் பக்கத்து வீட்டுக் கர்ர்ர்ர்ரும்

...அட, நான் உங்களக் குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க மினோவாம்மா. உங்க வீட்டத்தான் சொல்றேன். ரெண்டும் வேற வேற. நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து மூணு வாரம். என் ரேடியோவுல இந்தச் சத்தம் வந்தும் மூணு வாரம். இந்தாங்க, கையோட கொண்டாந்திருக்கேன்... கர்ர்ர்ர்... அதேதான்! உங்க வாசல்ல வந்ததும் எப்பிடி எகிறுது பாருங்க!

செருப்ப இங்கயே விட்டுடறேன். உள்ள வரலாமில்ல? வந்துட்டேன்.

மணி என்ன... மூணே முக்காலா? ஐயய்யோ. நாலு மணிக்குத் தெக்குக் கடல்ல ஒரு பொட்டுத் தீவுலேர்ந்து ஒரு ஸ்டேஷன் பேசும். இன்னிக்குத்தான் கடைசி. நாளைக்கு இழுத்து மூடறாங்க. எங்கள மாதிரி ஷார்ட்வேவ் பைத்தியங்க என்ன பண்ணுவோம்னா, இன்ன நேரம், இன்ன பாட்டு, இப்பிடிக் கேட்டுதுன்னு ஸ்டேஷனுக்கு எழுதிப் போடுவோம். ஆமாப்பா, நீ கேட்டது எங்களத்தான்னு அவங்க ஒரு கார்டு அனுப்புவாங்க. இருநூத்திப் பதினோரு கார்டு வச்சிருக்கேன். அந்தத் தீவு ஒண்ணுதான் இல்ல. நாப்பத்தாறு வருஷமா இல்ல!

ஏன் இல்லியா? பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே எழுதினேனே! "நீங்க சொல்ற நேரத்துல நாங்க எல்லாரும் தூங்கிக்கிட்டிருந்தோம்"னு பதில் வந்துது. உலக நேரம் எழுதவேண்டிய எடத்துல ஜப்பான் நேரத்த எழுதிட்டேனாம். ஒம்போது மணி நேரந்தான் வித்தியாசம், அதுக்குப் போயி! எங்கப்பா கடியாரத்த என் மேசைக்கு எதுத்தாப்புல மாட்டினது தப்பு. இதுல என் தப்பு என்ன இருக்கு? அந்த ரோஷத்துல முப்பது வருஷம் அந்தப் பக்கம் முள்ளத் திருப்பவே இல்ல. திருப்பினப்போ அவங்க மிஷினு ரிப்பேரு, அப்பிடியே பதினாறு வருஷம் கெடந்துது. போன மாசந்தான் சரி பண்ணாங்க. பண்ணிட்டு மூடறாங்க. என்னத்தச் சொல்ல.

நான் ஒண்ணும் குருட்டாம்போக்குல வரலம்மா. நோட்டுல குறிச்சிருக்கேன். காலைல சத்தமில்ல. வெயில் ஏறினா கர்ர்ர்ர். மழ பேஞ்ச மூணு நாளும் சுத்தம். வெயிலடிச்சாத்தானே நீங்க மிஷினப் போட்டுத் துணி தொவைக்கிறீங்க? பாத்தீங்களா!

எதுத்த வீட்டு ஹகமாதாவோட மீன்தொட்டி வெளக்க அணைக்கச் சொன்னேன். அணைச்சாரு. கர்ர்ர்ர். இப்ப என்னப் பாத்தா அந்தாளு வேற தெருவுல போறாரு. எங்க வீட்ட மட்டும் விட்டேனா? ஃப்ரிட்ஜ நிறுத்திப் பாத்தேன்... சரி, திரும்பப் போட மறந்துட்டேன். வெலை கொடுத்து வாங்கின விலாங்கு மீனு நாறிப்போச்சு. எங்க வீட்டுக்காரி கஸுயோ பெட்டியத் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. அந்தச் சத்தம் என்னிக்குப் போகுதோ அன்னிக்கு வர்றேன்னுட்டா. போன எடுக்க மாட்டேங்கறா.

விசிறியெல்லாம் வேணாம்மா, எனக்கு வேர்க்காது. இந்தச் சட்டையப் பாத்தீங்களா? இடுப்புல ரெண்டு பக்கமும் குட்டிக் காத்தாடி. ரோடு போடறவங்க மாட்டிக்கிட்டுத் திரிவாங்களே, அதுதான். ஏசி போட்டா ரேடியோ கரகரங்கும்னு நான் போடமாட்டேன். மனுஷன் வெந்து சாவானேன்னு கஸுயோதான் வாங்கிக் குடுத்தா. அது ஆச்சு மூணு வாரம். வெயில் வந்தா மாட்டிக்குவேன், பேட்டரில ஜோரா ஓடும்... என்ன அப்பிடிப் பாக்கறீங்க?

ஃப்ரிட்ஜா, அணைச்சாச்சா? சோத்து குக்கரு? அட, மெயினையே எறக்கிட்டீங்களா! தங்கமான மனசும்மா. இப்ப கேளுங்க... கர்ர்ர்ர்.

போகலியே! அப்ப மாடி வீட்டுக்காரங்க... மாடியே கெடையாதா? மணி மூணு அம்பத்தொம்போது! போச்சு, எல்லாம் போச்சு... ஏம்மா, கிட்ட வர்றீங்க? இடுப்புல கை வைக்காதீங்க, கூசுது! எதுக்கு என் சுவிச்ச...

...

...

சங்கு. தீவு ஸ்டேஷன்ல சங்கு ஊதறாங்க. ஒரு பொம்பள பேசறா... பேனா! பேனா குடுங்க! நாலு மணி... இல்லல்ல, உலக நேரம் ஏழு, ஏழு! ஐயோ, கண்ணு வேற தெரிய மாட்டேங்குது. வேர்வை இல்லம்மா, அழுகதான்.

சரி... "எரைச்சல் எதனால?"ன்னு ரிப்போர்ட்டுல ஒரு கட்டம் இருக்கு. இத்தன வருஷத்துல அதுல ஒரு பொய் எழுதினதில்ல நான். பக்கத்து வீடுன்னு போட்டுக்கட்டுமா? ஒரே ஒரு வாட்டி? யோசிச்சுப் பாத்தா தப்பு என்னுதில்ல, சட்டை வாங்கிக் குடுத்தாளே அவ...

என்ன, போன நீட்டறீங்க? யாரு... கஸுயோவா? எப்போலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா? "இந்தக் கிறுக்கன் உங்க வீட்டுக்கும் வருவான், வந்தா கூப்பிடுங்க"ன்னு நம்பர் குடுத்துட்டா போனா? அடிப்பாவி!

ஹலோ... கஸுயோ. ம். ம். போயிடுச்சு. ஆமா, என் இடுப்புலதான் இருந்துது. ம். சிரிச்சு முடி, காத்திருக்கேன். எழுதறேன், இந்தா எழுதிட்டேன். "எரைச்சல்: நான்." போதுமா?

வர்றியா? நெசமாவா? ஹகமாதா வீட்டுக்கும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு விலாங்கு வாங்கி வைக்கறேன். வர்றப்போ ஒரு காகித விசிறி வாங்கிட்டு வாம்மா. வேர்த்துக் கொட்டுது.