கப்போட வெள்ளை

— “பதினாலாம் தேதி. அக்காவின் படம் மறுபடியும் மஞ்சளாக வந்துவிட்டது. தவறு என்னுடையதுதான். ஜன்னல் திரையை ஒதுக்காமல் எடுத்திருப்பேன்.”

— ஏண்டி, லேப்டாப் வாங்க வந்த இடத்துல டைரிய வாசிச்சுக்கிட்டு நிக்கிற?

— இரு அக்கா, ஒரு நிமிஷம். அடுத்த பக்கத்துலதான் என்னென்ன பாக்கணும்னு எழுதி வச்சிருக்கேன். ஸ்கிரீன், வெயிட், பேட்டரி...

— கடைக்காரரு உன் வாயையே பாத்துட்டு நிக்கிறாரு. சொல்லித் தொலை.

— பரவாயில்லம்மா, மெதுவா. நம்ம கடையில அவசரமே கிடையாது. பழசுன்னு பேருதான், உள்ள இருக்குறது ஒவ்வொண்ணும் ராஜா. என்ன வேலைக்குன்னு சொல்லுங்க, அதுக்கேத்த ராஜாவ நான் எடுத்துத் தர்றேன்.

— போட்டோ எடிட்டிங்குக்குண்ணே. பகல்ல காலேஜ், சாயங்காலம் அந்த கிளாஸ்.

— பட்ஜெட்டு?

— எங்கக்கா முகத்தப் பாருங்க, தெரியும்.

— என் முகத்துல தூக்கந்தான் எழுதியிருக்கும். நேரா லாண்டரியிலேர்ந்து வர்றேன்ங்க. அரை நாள் லீவு. சீக்கிரம் காட்டுங்க.

— புரிஞ்சுது, ஸ்டூடண்ட் பட்ஜெட். இந்த ராஜாவப் பாருங்க. கேம் ஆடுற பையன் வச்சிருந்தது. கலரு கண்ணைப் பறிக்கும்.

— பறிக்க வேணாம்ணே. உள்ளத உள்ளபடி காட்டினாப் போதும். அக்கா, கொஞ்சம் தூக்கிப் பாரேன்.

— சுமக்கப் போறது நீ. நான் எதுக்குத் தூக்கணும்?

— ரெண்டு பஸ் மாறணும், கிளாஸ் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கு எல்லாமே சரின்னுதான் தோணும். நீ சொல்லு.

— அம்மாடி! இந்தா, பிடி பிடி. கூடையில செங்கல்லப் போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு.

— மூட்டை மூட்டையா பெட்ஷீட் தூக்குறவளாச்சேக்கா நீ?

— அது போன மாசம். இப்போ ரெண்டாவது மூட்டைக்கே உக்காந்துடுறேன். சூப்பர்வைசர் என்னைப் பாத்து ‘என்ன மகாராணி’ங்கிறான்.

— மேடம், ஒரு டீ சொல்லட்டுமா? ரொம்ப வேர்க்குது உங்களுக்கு.

— ஐயோ வேணாங்க. அந்த வாசனையே ஆக மாட்டேங்குது. வேர்க்காம என்ன செய்யும்? வந்ததும் வராததுமா பைக்குள்ளேர்ந்து ஸ்வெட்டர எடுத்து மாட்டிவிட்டுட்டா, இந்த வெயில்ல.

— நானும் கேக்கலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

— அது டெஸ்ட்டுக்குண்ணே. பென்டிரைவ்ல ஒரு படம் இருக்கு. அதுல அக்கா இதே பச்ச ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு, கையில ஒரு வெள்ளைக் கப்பு வச்சிருப்பாங்க. ஒவ்வொரு லேப்டாப்லயும் அந்தப் படத்தத் திறப்பேன். நிஜ ஸ்வெட்டரும் நிஜக் கப்பும் பக்கத்துலேயே இருந்தா, எந்த ஸ்கிரீன் பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுடும்.

— கப்பு?

— துண்டுல சுத்திக் கொண்டாந்திருக்கேன். இதோ.

— காது உடைஞ்ச கப்பு. வீட்டுல இருக்குறதே ரெண்டு, அதுல ஒண்ணு ஊர்வலம் வந்திருக்கு.

— இந்தத் தொழில்ல இத்தனை வருஷம் இருக்கேன், சாமானோட வந்து சோதிச்ச ஆளு நீங்கதாம்மா. திறங்க, பாத்துடுவோம்.

— ம்... இதுல ஸ்வெட்டர் கிளிப்பச்சையா அடிக்குது. பொய். முகமும் மஞ்சளா இருக்கு.

— பொறந்ததுலேர்ந்து அதே முகந்தான்.

— சரி, இந்த ராஜா ஒல்லி. காகிதம் மாதிரி தூக்கலாம். இதுல போடுங்க.

— நேராப் பாத்தா ஒரு கலரு, சாஞ்சு பாத்தா ஒரு கலரு. கப்பு சாம்பலாத் தெரியுது. முகம் இதுலயும் மஞ்சளாத்தாண்ணே இருக்கு.

— அதுக்கு லேப்டாப் எதுக்கும்மா? முகத்துல மஞ்சளக் கொறைங்க, முடிஞ்சுது. ரெண்டு கிளிக்.

— கொறைச்சா கப்பு நீலமாயிடுது! அதாண்ணே பிரச்சனையே. கப்பைச் சரி பண்ணினா முகம் கெடுது, முகத்தச் சரி பண்ணினா கப்பு கெடுது. சார் ரெண்டு தடவ திருப்பிக் குடுத்துட்டாரு. ‘ஒரே ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த படத்துல ரெண்டு வெளிச்சம் எப்படிம்மா வரும், கண்ணத் திறந்து வேலை செய்’னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு.

— இத எப்போடி கேட்டாரு? நீ சொல்லவே இல்ல.

— என்ன சொல்ல? கிளாஸ்ல இருக்குற ஸ்கிரீன் மட்டமா, இல்ல எனக்குக் கண்ணே இல்லையான்னு தெரியல. அதனாலதான் நல்ல ஸ்கிரீன்ல ஒருதடவ பாக்கணும்னு இருந்தேன். அதுலயும் மஞ்சளாத்தான் வந்துச்சுன்னா கிளாஸ விட்டுடுறேன்க்கா. உன் காசக் கரைக்க வேணாம்.

— ஆமா, உடனே விடு. காலை ஷிஃப்டு முடிஞ்சு சாயங்கால ஷிஃப்டும் பாத்து ஃபீஸ் கட்டினது, நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு விடுறதுக்குத்தான்.

— நான் ஒண்ணு கேக்கலாமா? அக்கா முகம் எப்படி இருக்கும்னு தங்கச்சிக்குத் தெரியாதா? நேர்ல பாத்து அதே மாதிரி சரி பண்ண வேண்டியதுதானே?

— எங்கண்ணே பாக்குறது? விடியறதுக்கு முன்னாடி போனாங்கன்னா இருட்டினப்புறந்தான் வருவாங்க. வீட்டுல இருக்குறது ஒரே ஒரு மஞ்ச பல்பு. லீவு நாள்ல போர்வைய இழுத்து மூடித் தூங்கிடுவாங்க. போன ஞாயித்துக்கிழமை கெஞ்சி எழுப்பி ஜன்னல்கிட்ட உக்கார வச்சேன், படம் எடுத்தேன், மறுபடியும் போய்ப் படுத்துட்டாங்க.

— எந்திரிச்சு உக்காந்ததே பெரிசு. அது இருக்கட்டும், இந்தக் கம்பளியக் கழட்டவா? உடம்பெல்லாம் அரிக்குது.

— இன்னும் ஒரே ஒண்ணுக்கா.

— கம்பளி போடாத அன்னிக்கும் அரிக்கத்தான் செய்யுது. எல்லாம் அந்த லாண்டரி சோப்பு. காட்டுங்கண்ணே உங்க கடைசி ராஜாவ.

— இவன்தான் நெஜமாவே ராஜா. ஆபீஸ்லேர்ந்து வந்தது. மெட்டல் பாடி, பேட்டரி புதுசு. ஒரு மூலையில சின்னக் கீறல், அதனாலதான் உங்க பட்ஜெட்டுக்கு இறங்கி வர்றான். மேடம், நீங்களே தூக்குங்க.

— ம். இத என்னாலேயே தூக்க முடியுது.

— ஐயோ, மறுபடியும் தப்பு பண்ணிட்டேன். அண்ணே, உங்க கடை லைட்டும் மஞ்சள்தான். இதுல கப்பை வச்சு என்னத்தப் பாக்குறது? முதல்லயே கவனிச்சிருக்கணும்.

— அது ஷோவுக்குப் போட்டதும்மா. சாமான் பளிச்சுன்னு தெரியும்.

— வாசப்படிகிட்ட எடுத்துட்டுப் போகலாமா? பகல் வெளிச்சத்துல ஒருதடவ.

— தாராளமா. ஸ்டூலு இருக்கு, அதுமேல வைங்க.

— அக்கா, நீயும் வா. ஸ்வெட்டர் கை ஸ்கிரீன் பக்கத்துல இருக்கட்டும். கப்பை இந்தப் பக்கம் பிடி.

— பிடிச்சாச்சு. வேற எதையாவது பிடிக்கணுமா?

— பச்சை... அதே பச்சைக்கா! கையி எது, படம் எதுன்னே தெரியல. கப்பு?

— தள்ளு, நான் சொல்றேன். நாள் பூரா வெள்ளைத் துணியில கிடக்குறவ நான். மஞ்ச வெள்ளை, நீல வெள்ளை, நரைச்ச வெள்ளைன்னு பிரிச்சுப் போடறதுதான் என் வேலை. இது சரியான வெள்ளை. படத்துல இருக்குறதும் கையில இருக்குறதும் ஒண்ணு. இதையே வாங்கு.

— அப்போ ஸ்கிரீன் பொய் சொல்லல.

— அதைத்தானே சொல்றேன். அண்ணே, பேக் பண்ணிடுங்க.

— ஸ்கிரீனும் சரி, வெளிச்சமும் சரி. அப்புறம் ஏன் முகம் மட்டும்... இரு. கொஞ்சம் பெருசு பண்ணிப் பாக்குறேன்.

— என் மூக்க ஊர் பாக்கப் பெருசு பண்ணாதடி.

— மூக்கு இல்ல. கண்ணு. கண்ணோட வெள்ளையும் கப்போட வெள்ளையும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்ல?

— என்னக் கேட்டா?

— அக்கா, என்னப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— வெயில் பக்கம் திரும்பு. இல்ல, மேல பாரு. கீழ் இமையக் கொஞ்சம் இழு. கப்பைக் கண்ணுகிட்ட கொண்டுபோ.

— தெருவுல போறவன்லாம் பாக்குறான். என்ன கூத்துடி இது?

— அசையாத.

— அம்மா, பை ஒண்ணு சும்மாவே தர்றேன், போட்டுக் கட்டிடட்டுமா? ஏம்மா... என்ன ஆச்சு?

— நீங்களும் வந்து பாருங்கண்ணே. எனக்கு எப்பவுமே தப்பாத்தான் தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க.

— எதம்மா பாக்கணும்? மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம்... ஓ. ஆமாம்மா. ஆமா. ரெண்டு கண்ணுமே.

— என்ன ரெண்டு கண்ணும்? ஆளாளுக்கு என் கண்ணுக்குள்ள என்ன தேடுறீங்க? ஏண்டி அழற? படந்தான் சரியா வரலேன்னா விடு, இன்னொரு தடவ எடுத்துக்கலாம். நான் உக்கார்றேன்.

— எடுத்து வைங்கண்ணே. இன்னிக்கு வாங்கல.

— பைத்தியமாடி உனக்கு? இவ்வளவு நேரம் நிக்க வச்சுட்டு? இந்த லேப்டாப்புல உன் படம் சரியாகும்னு நீதானே சொன்ன?

— படம் முதல்லேர்ந்தே சரியாத்தான்க்கா இருந்துச்சு. நாளைக்கு நீ வேலைக்குப் போகல. காலையில எதுவும் சாப்பிடாத, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.